மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரித்தானியாவின் கையில் போதிய அந்நியச் செலாவணி இல்லை. வெளிநாட்டுக்கு விற்பவர்களுக்கே உருக்கு முதலில் கிடைக்கும் என்று அரசு சொல்லிவிட்டது. அந்த நெருக்கடியில் பர்மிங்காம் நகரின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் 1947-இல் பிறந்தது ஒஸ்ரின் ஏ-40 டெவன். நான்கு சிலிண்டர், 1,200 சி.சி., ஏறக்குறைய 40 குதிரைவலு. 1952-இல் உருண்டு திரண்ட உடலோடு அதன் தம்பி சோமசெற் வந்தது. இரண்டுமே பெரும்பாலும் கப்பலேறுவதற்காகச் செய்யப்பட்டவை. பிரித்தானியாவைப் போலவே இலங்கையிலும் வாகனங்கள் இடப்பக்கமாகவே ஓடுகின்றன. அதனால் ஸ்ரியரிங்கைக்கூட இடம் மாற்றாமல் கொழும்புத் துறைமுகத்தில் இறக்கி நேரே தெருவில் விடலாம்.

யாழ்ப்பாணம் இந்தக் காரை விரும்பியதற்குத் தரையே முதற் காரணம். குடாநாடு முழுவதும் சமதரை. ஏற்றம் இல்லாத ஊரில் 40 குதிரைவலு தாராளம். டொக்டர்மார், வாத்திமார், வியாபாரிகள் வாங்கினார்கள். பிறகு ஹயர் கார்க்காரரின் கைக்கு வந்தது. கலியாணம், கோயில் திருவிழா, ஆஸ்பத்திரி, றெயில்வே ஸ்ரேசன் என்று மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஆகியவற்றோடு சேர்ந்து ஏ-40 ஓடியது. நம்பர் பிளேற்றில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்து, அதன்மேல் தார் பூசும் போராட்டம் 1957, 1958 ஆண்டுகளில் நடந்தபோதும் இந்தக் கார்கள் தெருவில் இருந்தன.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி இறுக்கப்பட்டது. புதிய கார் வாங்க வழியில்லாதவர் பழையதைப் பழுதுபார்த்தார். கராச் மெக்கானிக்மார் ஒவ்வொரு போல்ட்டையும் பலமுறை கழற்றிப் பூட்டினார்கள். தேய்ந்ததைக் கடைந்தார்கள், உடைந்ததை ஒட்டினார்கள், கிடைக்காததைச் செய்தார்கள். 1977-க்குப் பின் பொருளாதாரம் திறக்கப்பட்டு யப்பான் கார்கள் வரத் தொடங்கியபோது, யாழ்ப்பாணத்து ஏ-40-ஐ அதைச் செய்த தொழிற்சாலைக்காரரைவிட நன்றாக அறிந்த கைகள் இங்கே இருந்தன. அந்த அறிவுக்கு வந்த மிகப் பெரிய சோதனை 1990.

அந்த ஆண்டு யூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மறுபடி மூண்டது. தெற்கிலிருந்து வந்த மின்சாரம் நின்றது. அரசு விதித்த பொருளாதாரத் தடையில் பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து எனப் பட்டியல் நீண்டது. விளக்குக்கும் அடுப்புக்கும் என்று மண்ணெண்ணெய் மட்டும் ஓரளவு வந்தது, அதுவும் ஏறிய விலையில். பெரும்பாலானோர் சைக்கிளுக்கு மாறினார்கள். ஆனால் பிள்ளைப்பேற்றுக்காரியையும் காயப்பட்டவரையும் எல்லா வேளையிலும் சைக்கிளில் கொண்டுபோக முடியாது. கார் ஓடியே ஆகவேண்டும், இருப்பதோ மண்ணெண்ணெய்.

பெற்றோல் எஞ்சினில் மண்ணெண்ணெயை ஊற்றினால் இரண்டு தடைகள் குறுக்கே நிற்கும். ஒன்று, அது எளிதில் ஆவியாகாது. பெற்றோலின் பெரும்பகுதி குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகிக் காற்றோடு கலந்துவிடும். மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்கவே ஏறக்குறைய 150 பாகை செல்சியஸ் வேண்டும், முழுவதும் ஆவியாக அதைவிட நூறு பாகைக்கும் அதிகமான சூடு தேவை. ஆவியாகாத துளி எரியாது. இரண்டாவது, மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு, அதாவது அமுக்கத்தில் தானாக வெடிக்காமல் பொறுக்கும் திறன், மிகக் குறைவு. சிலிண்டருக்குள் கலவையை இறுக்கி அமுக்கினால், ஸ்பாக் பிளக் பொறி தட்டிய பின் மீதிக் கலவை ஒழுங்காக எரியாமல் ஒரேயடியாக வெடிக்கும். எஞ்சின் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தமிடும். அப்படியே ஓடவிட்டால் பிஸ்ரன் உடையும்.

இரண்டு தடைக்கும் விடை அந்தப் பழைய எஞ்சினுக்குள்ளேயே இருந்தது.

ஏ-40 கலவையை ஏழு மடங்கு அளவுக்குத்தான் அமுக்கும். இன்றைய கார்கள் பத்து மடங்குக்கு மேல் அமுக்குகின்றன. போருக்குப் பின் கிடைத்த தரம் குறைந்த பெற்றோலைச் சமாளிக்கவே அக்கால எஞ்சின்கள் இவ்வளவு மென்மையாக அமைக்கப்பட்டன. பொறி தட்டும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளி, பாரத்தையும் வேகத்தையும் அடக்கி ஓட்டினால் மண்ணெண்ணெயையும் அது பொறுத்துக்கொள்ளும்.

ஆவியாக்கும் வேலையைச் செய்தது புகைவழி. ஏ-40-இல் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியே வரும் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று தொட்டபடி இருக்கும். காபரேற்றருக்கு நேர் கீழே, உட்குழாயின் அடித்தளத்தைப் புகைக்குழாயின் சூடு சுடும். குளிர் காலையில் பெற்றோல் ஆவி குளிர்ந்து துளியாகத் திரளாமல் இருக்க இங்கிலாந்துக்காரர் வைத்த ஏற்பாடு அது. அந்தச் சூடு யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயை ஆவியாக்கியது. வெளியே வீணாகப் போகவேண்டிய புகை, தான் போகும் வழியில் அடுத்த வாய் எரிபொருளைத் தயாராக்கிவிட்டுப் போனது. பிற்காலக் கார்களில் வலு கூட்டுவதற்காக இரண்டு குழாய்களையும் எஞ்சினின் இரு பக்கமாகப் பிரித்து, உள்ளே போகும் காற்றைக் குளிராக வைத்தார்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அப்படிப்பட்ட எஞ்சினுக்கு மண்ணெண்ணெயைப் பழக்குவது மிகக் கடினம்.

இந்தச் சூடு எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகே கிடைக்கும். ஆகவே தொடக்கத்துக்குக் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். சாரதிகள் சின்னப் போத்தலில் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். மெல்லிய ரியூப் வழியாகக் காபரேற்றருக்குச் சில துளிகள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, குழாய் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பற்றரி தளர்ந்துபோனாலும் வழி இருந்தது. முன்பக்கத் துளைக்குள் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றி எஞ்சினை எழுப்பும் வசதி அக்காலக் கார்களோடு கூடவே வந்தது. மோட்டார் சைக்கிள்களும் இதே முறையில் ஓடின. தெருவெல்லாம் மண்ணெண்ணெய்ப் புகை மணத்தது.

இதற்கு எஞ்சின் விலை கொடுத்தது. ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். ஒயில் நீர்த்தால் பெயாரிங் தேயும். பிளக்கிலும் வால்வுகளிலும் கரி படியும், சைலன்சருக்குள் புகைக்கரி அடைத்து எஞ்சினுக்கு மூச்சுமுட்டும். கழற்றுவது, கரி சுரண்டுவது, பூட்டுவது என்று மெக்கானிக்மாருக்கு ஓய்வில்லை. உதிரிப்பாகமும் தடைக்குள் அகப்பட்ட காலத்தில் அந்தப் பழைய கார்களைத் தொடர்ந்து ஓடவைத்தது முழுக்க அவர்களின் உழைப்பு.

இதே வேலையை உலகம் வேறோரிடத்தில் வசதியோடு செய்திருக்கிறது. 1946 முதல் கொவன்ரியில் செய்யப்பட்ட பெர்கூசன் டிராக்டர்களில் ஒரு வகை, மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய எரிபொருளில் ஓடியது. பெற்றோலில் தொடங்கி, சூடேறியதும் மாறும். அதற்கென்றே அமுக்கத்தைக் குறைத்து, சூட்டைத் தேக்கிவைக்கும் தகட்டையும் பொறியியலாளர்கள் பொருத்தினார்கள். புகையில் வீணாகும் சக்தியைத் திரும்பப் பிடிக்கும் எண்ணமும் பழையது. சுவிற்சர்லாந்தின் அல்பிரட் பியூக்கி 1905-இல் காப்புரிமை பெற்ற ரேபோசார்ஜர், புகையின் வேகத்தால் சக்கரத்தைச் சுழற்றி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. இன்று ரேபோ காருக்குப் புகைக்குழாய் வளைக்கும் இளைஞர் கணக்குப்போடுவதும் புகையின் சூட்டையும் வேகத்தையும்தான். அவருக்குக் கணினி உண்டு, உருக்குக்குழாய் உண்டு, கடையில் பெற்றோல் உண்டு. தொண்ணூறுகளின் மெக்கானிக்குக்கு இருந்தவை காதும் விரலும் புகையின் நிறமும்.

யாழ்ப்பாணத்தில் போர் நெருங்கிவர, 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தார்கள். பிறகு ஊர் திரும்பியபோது எரிபொருள் கப்பலில், கட்டுப்பாட்டோடு வந்தது. போர்நிறுத்தத்துக்குப் பின் 2002 ஏப்ரலில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி திறந்ததும் பெற்றோலும் புதிய வாகனங்களும் பெருகின. 2006-இல் பாதை மீண்டும் மூடப்பட்டது, போர் முடிந்த பின் திறந்தது. ஓட்டோக்களும் யப்பான் வான்களும் ஹயர் காரின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. எஞ்சியிருக்கும் ஒஸ்ரின்கள் கலியாண ஊர்வலத்துக்கும் பழைய கார் விரும்பிகளின் கொட்டில்களுக்கும் போய்விட்டன. குரோமியம் மினுங்கும் அந்தக் கார்களைப் பார்த்துப் படம் எடுக்கிறோம்.

காரைக் காப்பாற்ற ஆட்கள் இருக்கிறார்கள். அதை மண்ணெண்ணெயில் ஓடவைத்த அறிவைத்தான் நாம் கைவிட்டுக்கொண்டிருக்கிறோம். பொறியை எவ்வளவு பின்தள்ளினார்கள், காபரேற்றரின் எந்தத் துளையைப் பெருப்பித்தார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை ஒயில் மாற்றினார்கள், புகை எந்த நிறத்தில் வந்தால் மாற்றவேண்டிய நேரம் என்று கண்டார்கள்? இவற்றைக் கைகளால் அறிந்தவர்கள் இப்போது முதியவர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. அங்குள்ள மாணவர் ஒருவர் இந்த மெக்கானிக்மாரோடு அமர்ந்து, ஒரு ஏ-40 எஞ்சினை மேசையில் ஏற்றி, அவர்கள் சொல்வதை அளந்து எழுதினால், முற்றுகைக்குள் பிறந்த ஒரு பொறியியல் நமக்குப் பாடநூலாகக் கிடைக்கும். அவர்கள் இருக்கும்போதே அந்த வேலை நடக்கவேண்டும்.