அகயேசு வழக்கு

ருவாண்டாவின் டாபா கம்யூன் (உள்ளாட்சிப் பகுதி) தலைவராக இருந்த ழான் பால் அகயேசு மீது ருவாண்டாவுக்கான பன்னாட்டுக் குற்றத் தீர்ப்பாயம் நடத்திய வழக்கு. பன்னாட்டு நீதிமன்றம் ஒன்று முழு விசாரணை நடத்தி, ஒரு தனிமனிதரை இனப்படுகொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது இதுவே முதல் முறை (1998 செப்டம்பர் 2). ஐ.நா. பாதுகாப்பு அவையின் 955ஆம் தீர்மானப்படி 1994 நவம்பரில் அமைந்த இத்தீர்ப்பாயம் தான்சானியாவின் அருஷாவில் இயங்கியது.

அகயேசு முன்னாள் ஆசிரியர். 1994 ஏப்ரலில் ஹுட்டு தீவிரவாதிகள் டுட்சி சிறுபான்மையினரைக் கொல்லத் தொடங்கியபோது முதலில் அக்கொலைகளைத் தடுக்கவே முயன்றார். தீர்ப்பாயமும் இதை ஏற்றது. கொலைகளுக்குப் பின்னிருந்த இடைக்கால அரசு ஏப்ரல் 18 அன்று கம்யூன் தலைவர்களைக் கூட்டிப் பேசியபின் அவர் மாறினார். டாபாவில் குறைந்தது 2,000 டுட்சிகள் கொல்லப்பட்டனர்.

வழக்கின் சட்டச் சிக்கல் வகைப்பாட்டில் இருந்தது. 1948 இனப்படுகொலை ஒப்பந்தம் தேசிய, இன, மரபின, சமயக் குழுக்களையே காக்கிறது. டுட்சிகளும் ஹுட்டுகளும் பேசுவது ஒரே கின்யருவாண்டா மொழி. சமயமும் பண்பாடும் பொது. பிரித்துக் காட்டியது அடையாள அட்டை. பெல்ஜிய ஆட்சி 1930களில் கொண்டுவந்த அதில் ஹுட்டு, டுட்சி, ட்வா என எழுதப்பட்டது. பிள்ளைக்குத் தந்தையின் பிரிவு. 1994இல் சாலைத் தடுப்புகளில் கொலையாளிகள் கேட்டதும் இதே அட்டையைத்தான். பிறப்பால் அமைந்து நிலைத்திருக்கும் எக்குழுவையும் காப்பதே ஒப்பந்தத்தின் நோக்கம் என்றனர் நீதிபதிகள். ஒப்பந்த வாசகத்தில் அப்படி இல்லைதான். ஆனால் வாசகத்தோடு நின்றிருந்தால் ருவாண்டாவில் நடந்தது இனப்படுகொலையே அல்ல என்றாகியிருக்கும்.

முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை இடம்பெறவில்லை. தன் ஆறு வயது மகள் வன்புணரப்பட்டதை ஒரு பெண் சாட்சி சொன்னார். வேறு சாட்சியங்களும் வந்தபின், 1997 ஜூனில் அக்குற்றம் சேர்க்கப்பட்டது. கம்யூன் அலுவலகத்தில் தஞ்சம் புகுந்த பெண்கள் அங்கேயே வன்புணரப்பட்டனர், அகயேசு அதற்குத் துணைநின்றார் என மெய்ப்பிக்கப்பட்டது. ஒரு குழுவை அழிக்கும் நோக்குடன் செய்யப்படும் வன்புணர்வும் இனப்படுகொலைச் செயலே என முதன்முதலாக வரையறுத்த இந்த மூவர் அமர்வில் ஒரே பெண் நவநீதம் பிள்ளை. டர்பனின் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், பின்னாளில் ஐ.நா. மனித உரிமை ஆணையர்.

15 குற்றச்சாட்டுகளில் ஒன்பது உறுதியாயின. ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு 2001இல் தள்ளுபடியானது. 93 பேர் மீது குற்றம் சாட்டிய தீர்ப்பாயம் 2015 இறுதியில் மூடப்பட்டது. எஞ்சிய பணிகள் வேறொரு ஐ.நா. அமைப்பிடம் சென்றன.