முகம் தேடும் வாசிப்பு: ‘பொன்னியின் செல்வன்’ வாசகர்களின் நடிகர் தேர்வுக் கற்பனை

ஆய்வுச் சுருக்கம்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ புதினம் தொடராக முடிவுற்ற 1954ஆம் ஆண்டிற்கும் திரைப்படமாக வெளிவந்த 2022ஆம் ஆண்டிற்கும் இடையில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கடந்தன. இந்த இடைவெளியில், எந்தப் பாத்திரத்திற்கு எந்த நடிகர் பொருந்துவார் என்னும் கற்பனை வாசகர்களிடையே தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. அக்கற்பனையை வாசிப்பின் ஒரு வடிவமாகக் கொண்டு அதன் வரலாற்றுப் பின்புலத்தையும் அது வெளிப்படுத்தும் பொருள்கோள் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பொன்னியின் செல்வன், கல்கி, தொடர்கதை, இதழோவியம், நடிகர் தேர்வு, வாசிப்பு வரலாறு

முன்னுரை

‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வெளிவந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம் என்னும் ஐந்து பாகங்களைக் கொண்ட இப்புதினம், தொடர் நிறைவுற்ற பின்னரும் அதே இதழில் மீண்டும் மீண்டும் வெளியிடப்பட்டது. இதனைப் படித்தவர் இருவர் சந்திக்கும் இடத்தில் எழும் வினாக்களுள் ஒன்று, வந்தியத்தேவனாக யார் நடிக்கலாம் என்பது. நந்தினிக்கும் குந்தவைக்கும் யார் பொருத்தம் என்பது அடுத்து எழும்.

இவ்வினாக்களை இலக்கிய ஆய்வு பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அவை திரை மோகத்தின் விளைவு என ஒதுக்கப்படுகின்றன. ஆனால் ஒரு பாத்திரத்திற்கு ஒரு நடிகரை முன்மொழியும் வாசகர், அப்பாத்திரத்தின் வயது, இயல்பு, கதையில் அதற்குரிய இடம் ஆகியவை குறித்து ஒரு முடிவுக்கு வந்த பின்னரே முன்மொழிகிறார். அதனை மறுப்பவரும் தம் வாசிப்பின் அடிப்படையிலேயே மறுக்கிறார். எனவே நடிகர் தேர்வுக் கற்பனையைப் புதினத்திற்கு வாசகர் வகுத்த உரையாகக் கொள்ள இடமுண்டு.

கல்கியும் திரைமுகமும்

எழுத்துப் பாத்திரத்திற்கும் நடிகரின் முகத்திற்கும் உள்ள உறவு கல்கிக்குப் புதியதன்று. 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனார் வேடம் ஏற்றார். அப்படத்திற்குக் கல்கி ‘ஆனந்த விகட’னில் எழுதிய எள்ளல் விமர்சனம், திரையில் வந்த மரத்தையும் விலங்குகளையும் நடிகர்களைவிட மேலாகப் பாராட்டியது. வேடப் பொருத்தம் குறித்த கூர்மையான பார்வை அவரிடம் முன்னரே இருந்தது என்பதற்கு இது சான்று.

இதனினும் முதன்மையானது ‘தியாகபூமி’. கே. சுப்ரமணியம் இயக்கத்தில் 1939இல் வெளிவந்த அப்படத்தின் கதையைக் கல்கி ‘ஆனந்த விகட’னில் தொடராக எழுதினார். வழக்கமாக ஓவியங்கள் இடம்பெறும் பக்கங்களில் படத்தின் நிழற்படங்களே அச்சிடப்பட்டன. சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவனும், சாவித்திரியாக எஸ்.டி. சுப்புலட்சுமியும், சாருவாகக் குழந்தை நட்சத்திரம் பேபி சரோஜாவும் தோன்றினர். தொடரைப் படித்த வாசகர் பாத்திரத்தின் பெயரோடு நடிகரின் முகத்தையும் ஒருசேரப் பெற்றார். யார் நடிக்கலாம் என எண்ண அவருக்கு இடமிருக்கவில்லை.

‘பொன்னியின் செல்வன்’ இதற்கு நேர்மாறான நிலையில் உருவானது. அங்கு நடிகரின் முகத்திற்கு உரிய இடத்தில் ஓவியரின் முகம் இருந்தது. ஒரே ஆசிரியரின் இரு தொடர்களுக்கிடையிலான இந்த வேறுபாடே பிற்காலக் கற்பனை முழுவதற்கும் தோற்றுவாய் எனலாம்.

சொல்லும் கோடும் தந்த முகங்கள்

‘பொன்னியின் செல்வ’னின் முதல் தொடருக்கு ஓவியம் வரைந்தவர் மணியம். பின்னர் மறுதொடராக வந்தபோது வினு, பத்மவாசன் முதலியோர் வரைந்தனர். கோட்டோவியம் உடை, அணி, கொண்டை, உடல்நிலை ஆகியவற்றை உறுதியாக வரையறுத்தது. ஆனால் உயிருள்ள ஒரு மனிதரின் முகமாக அது நிலைத்துவிடவில்லை. ஓவியர் மாறியபோது முகமும் மாறியது. பாத்திரத்தை அடையாளம் காணத் தேவையானவை கிடைத்தன. அதற்கு மேற்பட்டவை வாசகரின் கற்பனைக்கு விடப்பட்டன.

கல்கியின் சொல்லோவியமும் பாத்திரங்கள் அனைத்திற்கும் ஒரே அளவில் அமையவில்லை. நந்தினியையும் குந்தவையையும் அவர் அருகருகே வைத்து ஒப்பிடுகிறார். ஒருத்தி பொன்னிறத்தாள், மற்றவள் செந்தாமரை நிறத்தாள். ஒருத்திக்கு வட்ட முகம், மற்றவளுக்குச் சற்றே நீண்ட முகம். ஒருத்தியின் கூந்தல் ஆண்டாள் கொண்டை, மற்றவளுடையது மணிமகுடம் போன்றது. ஆழ்வார்க்கடியானுக்குக் குட்டையான பருத்த உருவம், முன்குடுமி, உடலெங்கும் சந்தனக் கீற்றுகள், கையில் தடி. பெரிய பழுவேட்டரையருக்குப் போரில் பெற்ற அறுபத்து நான்கு காயங்கள். ஆனால் கதையைத் தாங்கிச் செல்லும் வந்தியத்தேவனை வாசகர் அறிவது, வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப் பெருக்கன்று குதிரையில் வரும் இளைஞனாக, அவனது துடுக்காலும் பேச்சாலும்தான். முக வருணனை அவனுக்கு மிகக் குறைவு.

இதில் ஒரு முரண் கவனிக்கத்தக்கது. குந்தவையும் வல்லவரையன் வந்தியத்தேவனும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டால் அறியப்படும் வரலாற்று மாந்தர். நந்தினியோ கல்கியின் கற்பனைப் படைப்பு. கல்வெட்டுச் சான்றுள்ள வந்தியத்தேவனுக்கு முகம் குறைவாகவும், சான்றே இல்லாத நந்தினிக்கு முகம் மிகுதியாகவும் புதினத்தில் அமைந்துள்ளன. நந்தினி குறித்த விவாதம் வருணனைக்குப் பொருந்தும் நடிகையைத் தேடும் விவாதமாகவும், வந்தியத்தேவன் குறித்த விவாதம் இயல்புக்குப் பொருந்தும் நடிகரைத் தேடும் விவாதமாகவும் பிரிவதற்கு இதுவே காரணம்.

நாயகன் யார்?

1958இல் எம்.ஜி. ராமச்சந்திரன் இப்புதினத்தைத் திரைப்படமாக்கும் உரிமையைப் பெற்றுப் படத்தை அறிவித்தார். வைஜெயந்திமாலா, ஜெமினி கணேசன், பத்மினி, சாவித்திரி, சரோஜா தேவி, எம்.என். ராஜம், டி.எஸ். பாலையா, எம்.என். நம்பியார், ஓ.ஏ.கே. தேவர், நாகையா முதலியோர் அதில் நடிப்பதாக இருந்தது. திரைக்கதைப் பணியில் பின்னாளைய இயக்குநர் மகேந்திரன் ஈடுபட்டார். எம்.ஜி.ஆர். விபத்தில் காயமுற்றதால் தடைப்பட்ட பணி பின்னர் நிறைவேறவில்லை.

இம்முயற்சியில் வந்தியத்தேவன், அருள்மொழிவர்மன் ஆகிய இரு வேடங்களையும் எம்.ஜி.ஆர். தாமே ஏற்க எண்ணினார் எனக் கூறப்படுகிறது. அதே 1958இல் வெளிவந்த ‘நாடோடி மன்ன’னில் அவர் மன்னனாகவும் நாடோடியாகவும் இரட்டை வேடம் ஏற்றிருந்ததை நோக்க, இவ்வெண்ணம் இயல்பானதே. இதன் பின்னணியில் புதினத்தின் ஓர் அடிப்படைச் சிக்கல் உள்ளது. நூலின் பெயர் அருள்மொழிவர்மனுக்கு உரியது. நூலின் பாதை வந்தியத்தேவனுக்கு உரியது. அருள்மொழிவர்மன் முதல் பாகத்தில் பேசப்படுபவனாகவே இருந்து, இரண்டாம் பாகத்தில் ஈழத்தில்தான் நேரில் தோன்றுகிறான். ஒரே நாயகனை மையமாகக் கொண்ட அன்றைய திரை மரபிற்கு இரு நாயகர் என்பது இடர்ப்பாடு. இரட்டை வேடம் அதற்கு ஒரு தீர்வு.

1980களின் இறுதியில் கமல்ஹாசனும் மணிரத்னமும் மேற்கொண்ட முயற்சி செலவு கருதிக் கைவிடப்பட்டது. 2010ஐ ஒட்டி மணிரத்னம் மீண்டும் முயன்றபோது விஜய், மகேஷ் பாபு ஆகியோரின் பெயர்கள் அம்முயற்சியோடு இணைத்துப் பேசப்பட்டன, அதுவும் நிறைவேறவில்லை. இறுதியில் 2022 செப்டம்பர் 30 அன்றும் 2023 ஏப்ரல் 28 அன்றும் வெளிவந்த இரு பாகங்களில் ஆதித்த கரிகாலனாக விக்ரம், வந்தியத்தேவனாகக் கார்த்தி, அருள்மொழிவர்மனாக ஜெயம் ரவி, நந்தினியாக ஐஸ்வர்யா ராய், குந்தவையாகத் திரிஷா ஆகியோர் நடித்தனர். ஒருவரிடம் குவிக்க எண்ணப்பட்ட நாயகத்தன்மை இங்கு மூவரிடம் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இவ்வாறு நோக்கின், வந்தியத்தேவனுக்கு முதன்மை நடிகரை வேண்டுபவர் இதனை வீரச் செலவுக் கதையாகவும், அருள்மொழிக்கு வேண்டுபவர் இராசராசனின் முன்வரலாறாகவும், கரிகாலனுக்கு வேண்டுபவர் அவலக் கதையாகவும் வாசித்துள்ளனர் என்பது புலனாகும்.

மறைபொருளும் முகமும்

எழுத்தால் மறைக்க இயல்வதை முகத்தால் மறைப்பது அரிது. ‘பார்த்திபன் கனவு’ புதினத்தில் சிவனடியார் யார் என்னும் உண்மை நீண்ட நேரம் மறைத்து வைக்கப்படுகிறது. 1960இல் வெளிவந்த அதன் திரைவடிவில் எஸ்.வி. ரங்காராவ் மாமல்லராக நடித்தார். எங்கும் அறியப்பட்ட ஒரு நடிகரின் முகமும் குரலும் மாறுவேடத்தின் மறைவைக் குறைத்துவிடும் என்பது வெளிப்படை.

‘பொன்னியின் செல்வ’னில் இச்சிக்கல் இன்னும் ஆழமானது. நந்தினிக்கும் ஊமைராணி மந்தாகினிக்கும் உள்ள உருவ ஒற்றுமை கதையை இயக்கும் விசைகளுள் ஒன்று. இறந்துவிட்டதாகத் தாம் நம்பிய மந்தாகினியின் சாயலைக் கண்டு சுந்தர சோழர் கலங்குவது இதனால்தான். எனவே இரு வேடமும் ஒரே நடிகைக்குரியவை என்னும் முடிவுக்கு வாசகர் வருவது இயல்பு. திரைப்படமும் ஐஸ்வர்யா ராயையே இரு வேடங்களிலும் காட்டியது. எனினும் ஊமைராணியின் முகத்தை முதற்பாகத்தின் இறுதிவரை தெளிவாகக் காட்டாமல் காத்தது. சொல் இயல்பாகச் செய்த மறைப்பைத் திரை முயன்று செய்ய வேண்டியிருந்தது.

மதுராந்தகன், சேந்தன் அமுதன் ஆகியோரின் பிறப்பு மர்மம் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. செம்பியன் மாதேவியின் உண்மை மகன் யார் என்பது புதினத்தின் இறுதிப் பகுதியில்தான் தெளிவாகிறது. சேந்தன் அமுதனை எளிய பூமாலைப் பணியாளனாக மட்டும் கருதி நடிகரைத் தேர்பவர், பிற்பாகங்களை மறந்தவர் ஆவார். இந்த மாற்றத்தைத் திரைப்படம் கைவிட்டதால், அவ்வேடத்திற்கான தேர்வு அங்கு எளிதாயிற்று. நடிகர் தேர்வுக் கற்பனை நூல் முழுவதையும் கற்றவரின் பயிற்சியாவது இத்தகைய இடங்களில்தான்.

காலம் என்னும் அளவுகோல்

பாத்திரத்திற்கு வயது ஏறுவதில்லை, நடிகருக்கு ஏறுகிறது. 1958இல் பொருத்தமாகத் தோன்றிய பெயர்கள் 1988இல் பொருந்தவில்லை. 1988இன் பெயர்கள் 2019இல் பொருந்தவில்லை. ஆகவே ஒவ்வொரு தேர்வும் தன் காலத்தைத் தன்னுள் பதித்து வைத்துள்ளது. ஒரு வாசகர் கூறும் நடிகர் பெயர்களைக் கொண்டே அவர் இப்புதினத்தை எப்போது முதன்முதலாகப் படித்தார் என்பதை ஓரளவு கணிக்க இயலும்.

முதல் தொடரை வாரந்தோறும் காத்திருந்து படித்தவர்களுள் இன்று வாழ்வோர் எண்பது வயதைக் கடந்தவர்கள் அல்லது நெருங்குபவர்கள். அவர்கள் மனத்திலிருந்த வந்தியத்தேவன் எந்த நடிகரின் சாயல் கொண்டிருந்தான், அல்லது மணியத்தின் கோட்டிலேயே நின்றானா என்பதை அவர்களிடமிருந்து மட்டுமே அறிய முடியும். இன்றைய இளம் வாசகரோ பெரும்பாலும் திரைப்படத்தைப் பார்த்த பின்னரே நூலை எடுக்கிறார். ‘தியாகபூமி’யின் வாசகரைப் போலவே அவருக்கும் முகம் முன்கூட்டியே அளிக்கப்பட்டுவிடுகிறது. எழுபதாண்டுக் காலம் திறந்திருந்த ஓர் இடம் இவ்வாறு மெல்ல மூடுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. முதலாவதாக, ‘பொன்னியின் செல்வன்’ வாசகர்களின் நடிகர் தேர்வுக் கற்பனை, தொடர்கதை, இதழோவியம், நிறைவேறாத திரை முயற்சிகள் ஆகிய மூன்றின் கூட்டு விளைவு. இரண்டாவதாக, அக்கற்பனை நாயகன் யார், மறைபொருள் எது, எப்பாத்திரம் மையம் என்னும் இலக்கிய வினாக்களுக்கான விடைகளைத் தன்னுள் கொண்டுள்ளது. மூன்றாவதாக, அது காலம் பதிந்த சான்றாதலால் வாசிப்பு வரலாற்றிற்குப் பயன்படத்தக்கது.

மூத்த வாசகர்களின் நினைவுகளை வாய்மொழி வரலாறாகப் பதிவு செய்வது தமிழாய்வுத் துறைகள் உடனே மேற்கொள்ள வேண்டிய பணியாகும். நூலும் ஓவியமும் அச்சில் காக்கப்பட்டுள்ளன, திரைப்படமும் நிலைத்திருக்கும். அவற்றிற்கிடையே வாசகர் மனத்தில் மட்டும் வாழ்ந்த முகங்கள் அவர்களோடே மறைந்துவிடும்.