விதானையார் வீட்டுச் சிரிப்பும் ஐந்து கட்டங்களும்



சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லோடு அழுத்திவிட்டு, பெடலைக் கையால் சுற்றினால் வானொலி பேசும். 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் சிறுவர்களாயிருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மின்சாரம் நின்றுபோயிற்று, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. எங்கள் வீட்டில் பெடல் சுற்றும் உத்தியோகம் எனக்குத்தான். கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் மங்கிப்போகும். கசற் போட்டாலோ குரலே இழுபட்டு, கலகலப்பான மனிதர் நோயாளிபோல முனகுவார். கே. எஸ். பாலச்சந்திரனின் "அண்ணை றைற்" கசற்றை நான் முதன்முதலிற் கேட்டது அப்படித்தான். அவசரக்கார பஸ் கொண்டக்டர், என் கைவலியால் மாட்டுவண்டிக்காரராகிவிட்டார். அப்பா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது.

அன்று அப்பா சொன்னார்: "இது என்ன தம்பி, விதானையார் வீட்டைக் கேட்டிருக்க வேணும் நீ." விதானையார் வீடு எங்கேயிருக்கிறது என்று நான் கேட்டேன். அவர் சொன்னது வீட்டையல்ல, நாடகத்தை.

இலங்கையில் முறையான ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கியது. ஆனால் யாழ்ப்பாணத்துக் கிராமத்தவன் தன் குரலையே வானொலியிற் கேட்டுச் சிரித்தது, சானா என்று அறியப்பட்ட ச. சண்முகநாதன் வானொலி நாடகப் பொறுப்பில் இருந்த காலத்திலேயே எனலாம். சானா அடிப்படையில் ஓவியர். நடைச்சித்திரம் எழுதுவதிலும் வல்லவர். அவருடைய "பரியாரி பரமர்" ஊருக்கு ஊர் நாம் கண்ட மனிதர்தான். "லண்டன் கந்தையா" என்றதும் பழைய நேயர்கள் அவர் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள். "விதானையார் வீட்டில்" தொடரை எழுதியவர் இலங்கையர்கோன். ஏழாலையைச் சேர்ந்த த. சிவஞானசுந்தரம் என்ற அவரை நாம் சிறுகதை முன்னோடியாகவே பாடசாலையில் அறிமுகப்படுத்துகிறோம். 1962 இல் வெளிவந்த "வெள்ளிப் பாதசரம்" தொகுதியின் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த ஆசிரியருக்குப் போய்விடுகிறோம். அவர் காரியாதிகாரியாகப் பணிபுரிந்தவர் என்பதை நினைவில் வைத்தால் நாடகத்தின் சுவை கூடும். விதானைமாரை மேற்பார்வை செய்வதே காரியாதிகாரியின் வேலை. காலையில் கந்தோரில் விதானையாரின் அறிக்கையைப் படித்த மனிதர், மாலையில் விதானையாரின் வீட்டுக் கதையை எழுதினார் என்று எண்ணிப் பார்ப்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு.

வானொலிக்கு முகம் இல்லை. மேடையில் ஒருவன் தடுக்கி விழுந்தாற் போதும், சபை சிரிக்கும். வானொலியில் விழுந்தால் சத்தம் மட்டுமே கேட்கும். ஆகவே யார் பேசுகிறார், எந்த ஊரார், என்ன தொழில், எவ்வளவு பெருமைக்காரர் என்பதெல்லாம் பேச்சிலேயே தெரிந்தாக வேண்டும். பேச்சுவழக்கை வானொலி எடுத்துக்கொண்டது கொள்கைக்காக அல்ல, வேறு வழியில்லாததால். 1960 களின் முற்பகுதியில் ஈழத்து இலக்கிய உலகில் மரபுப் போராட்டம் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். சிறுகதையில் பேச்சுமொழி வரலாமா, அது இழிசினர் வழக்கு அல்லவா என்றெல்லாம் பத்திரிகைகளில் வாதிட்டார்கள். இலங்கையர்கோன் 1961 இலேயே மறைந்துவிட்டார். அதாவது, அறிஞர்கள் அனுமதி கொடுக்கலாமா என்று ஆராயத் தொடங்குமுன்பே விதானையாரும் அவருடைய வீட்டாரும் வீடுவீடாக வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்கள். எதிர்த்து எழுதிய பண்டிதர்களுள்ளும் சிலர் இரவில் வானொலியடியில் இருந்து சிரித்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

பின்னாளில், 1970 களில், எஸ். ராமதாஸ் எழுதிய "கோமாளிகளின் கும்மாளம்" இதையே இன்னும் விரித்தது. மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்று ஆளுக்கொரு தமிழ். நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு சிரிப்பு சிலகாலமாவது இருந்தது. 1976 இல் அது "கோமாளிகள்" என்ற படமாகவும் வந்தது.

அப்பாவுக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது: குறுக்கெழுத்து. கடலைச் சுருளைப் பிரித்தாலும் கட்டம் இருக்கிறதா என்றுதான் முதலிற் பார்ப்பார். ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில், மண்ணெண்ணெய் முடிந்துவிடும் என்று அம்மா ஏசும்வரை பென்சிலோடு இருப்பார். நகைச்சுவையும் புதிரும் ஒரே மனிதரிடம் குடியிருந்தது தற்செயல் அல்ல என்று இப்போது நினைக்கிறேன். ஒரு சொல்லுக்குள் இன்னொரு சொல்லைக் கேட்கும் காதுதான் இரண்டுக்கும் வேண்டும்.

குறுக்கெழுத்து 1913 டிசம்பர் 21 இல் "நியூ யோர்க் வேர்ல்ட்" பத்திரிகையில் ஆதர் வின் என்பவர் வெளியிட்ட கட்டத்திலிருந்து தொடங்கியது. மேல்நாட்டுச் சரக்கு என்று தள்ளிவிடலாமா? தொல்காப்பியர் பிசியைச் செய்யுள் வகைகளுள் வைத்து, அதற்கு இரண்டு வகையும் கூறுகிறார். நாம் நொடி என்றும் விடுகதை என்றும் சொல்வது அதுவே. தண்டியலங்காரம் சித்திரகவிகளை வரிசைப்படுத்துமிடத்தில் வினாவுத்தரம், அக்கரச்சுதகம் முதலியவற்றைப் பேசுகிறது. மாணவர்கள் இப்பெயர்களைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள். "கொடு என்று கேள், பக்கத்தில் ஒரு காட்டுவிலங்கு நிறுத்து, இரண்டும் சேர்ந்து குளத்தில் பூக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். தா, மரை, தாமரை. வினாவுத்தரத்தின் போக்கு இதுதான். "சிறுமி உடுப்பது, தலை போனால் மார்கழியில் வீசும், அதிலும் தலை போனால் கந்தோர் துரையின் கழுத்தில் தொங்கும்." பாவாடை, வாடை, டை. இது அக்கரச்சுதகம். தண்டியாசிரியர் டையை மன்னிப்பாராக.

தமிழிற் கட்டம் அமைப்பது எளிதல்ல. ஆங்கிலத்தில் 26 எழுத்து. நமக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247. குறுக்கே வரும் "தா", மேலிருந்து வரும் "த"வோடு பொருந்தாது. ஒரு கால் கூடினாலும் கட்டம் உடைந்துவிடும். ஆகவே தமிழ்க் கட்டங்களில் கறுப்பு அதிகம், சந்திப்பு குறைவு. அப்பா தாமே கட்டம் கீறிப் பார்ப்பார். ஒரு மொனிற்றர்ஸ் கொப்பி நிறைய அவர் அமைத்தவை இருந்தன. பக்கத்துக்குப் பக்கம் மறுபுறத்தில், நினைவிலிருந்த வானொலி நகைச்சுவைகளையும் எழுதி வைத்திருந்தார்.

1995 ஒக்டோபர் 30 இரவு எல்லோரோடும் நாங்களும் தென்மராட்சிக்கு நடந்தோம். அரிசியும் உறுதிப்பத்திரமும் எடுத்தோம். அடுத்த ஆண்டு திரும்பியபோது வீட்டில் கூரை இருந்தது, கொப்பி இருக்கவில்லை. அப்பா அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கட்டம் கீறவுமில்லை. "விதானையார் வீட்டில்" தொடரில் ஓர் அங்கத்தைக்கூட நான் ஒலியாகக் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா நடித்துக் காட்டிய துண்டுகள்தான். ஒவ்வொரு முறையும் அவர் கொஞ்சம் மாற்றித்தான் நடிப்பார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பயிற்சி முடித்து வந்த புதிதில், கட்டுரையில் "பரியாரி" என்று எழுதிய மாணவனுக்குச் சிவப்பு மையால் வெட்டி "வைத்தியர்" என்று எழுதிக் கொடுத்தவன் நான். பரியாரி பரமரை எழுதியவர் வாழ்ந்த மண்ணிலிருந்துகொண்டே அதைச் செய்தேன். இப்போது அப்படி வெட்டுவதில்லை. பதிலாக, தமிழ்மன்றத்தில் மாதம் ஒரு குறுக்கெழுத்துப் போடுகிறேன்.

அண்மையில் ஒரு குறிப்பு வைத்தேன்: "ஊருக்குள் அரசாங்கம், ஐந்து எழுத்து. 1963 இல் பதவி போயிற்று." எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கொப்பியோடு வந்து நின்றான். "கிராம அலுவலர் எண்டு எழுத மூண்டு கட்டம் காணாது சேர். ஜீ.எஸ். எண்டால் ரெண்டு மிஞ்சுது."

வீட்டில் அம்மம்மாவைக் கேட்டுப் பார் என்றேன். மறுநாள் ஐந்து கட்டமும் நிரம்பியிருந்தன. அம்மம்மா இன்னும் நாலு சொல் தந்தவ, அதுகளுக்கும் கட்டம் போடச் சொன்னவ சேர் என்றான்.