தவளைத் தட்டுகளைப் பார்க்க வந்த மகாராணி

வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ வியாபாரக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். குத்துவிளக்கு, பொன்னாடை, நீண்ட உரைகள், கடைசியில் ஒரு பையும் பேனாவும். எந்தக் கூட்டத்தில் எந்தப் பொருளை அறிமுகம் செய்தார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் 1774இல் லண்டனில் ஒரு பீங்கான் வியாபாரி நடத்திய காட்சியைப் பற்றி இன்றும் எழுதுகிறார்கள்.

அவர் ஜோசையா வெட்ஜ்வுட். ஸ்டாஃபோர்ட்ஷயரில் குயவர் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் வந்த அம்மை வலது காலைக் கெடுத்துவிட, 1768இல் அந்தக் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் தொழிலில் அசரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே தம் கூட்டாளி தாமஸ் பென்ட்லிக்கு ஒரு யோசனை எழுதியிருந்தார்: கடையில் பாத்திரங்களை அடுக்கி வைக்காமல், விருந்துக்குப் போடுவதுபோல் மேசைகளில் பரப்ப வேண்டும், சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். அப்போதுதான் வந்தவர்கள் மறுபடியும் வருவார்கள்.

1773இல் ரஷ்யப் பேரரசி கேத்தரினிடமிருந்து பெரிய ஆர்டர் வந்தது. 50 பேர் சாப்பிடும் விருந்துக்கு 900க்கும் மேற்பட்ட பாத்திரங்கள். அவற்றில் பிரிட்டனின் மாளிகைகள், தோட்டங்கள், பாழடைந்த மடங்கள் என்று 1200க்கும் மேற்பட்ட காட்சிகளைக் கையால் வரைய வேண்டும். அந்த அரண்மனை இருந்த இடத்துக்குத் தவளைச் சதுப்பு என்று பெயராம். அதனால் ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைத் தவளை. ஓவியக் கூலியே வருமானத்தில் பெரும்பகுதியை விழுங்கியது; லாபம் சொற்பம்.

பெட்டியில் கட்டிக் கப்பலேற்றியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். அனுப்புவதற்கு முன் லண்டன்வாசிகளுக்குக் காட்டலாம் என்றார்கள். அதில் ஒரு பயமும் இருந்தது. தம் மாளிகை விட்டுப்போன பிரபுவும், சின்னத் தட்டில் வரையப்பட்ட பிரபுவும் கோபித்துக்கொண்டால்? அவர்கள்தானே நல்ல வாடிக்கையாளர்கள்!

துணிந்து நடத்தினார்கள். 1774 ஜூனில், சோஹோ பகுதியின் கிரீக் தெருவில், அனுமதிச் சீட்டு உள்ளவர்களுக்கு மட்டும் காட்சி. அரசி சார்லட்டே வந்து பார்த்தார்.

பேரரசியின் பாத்திரம் என்ற பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குத் தோன்றுவது வேறு. வந்தவர்கள் தங்கள் வீட்டையும், பக்கத்து ஊர்க்காரர் வீட்டையும் தட்டுகளில் தேடியிருப்பார்கள். கல்யாண ஆல்பத்தில் நாம் முதலில் தேடுவது மணமக்களையா, நம்மையா?

அந்தப் பாத்திரங்கள் இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இப்போது நிறுவன விழாக்களை நடத்தும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: மேடைக்குச் செலவழிக்கும் முன், வருகிறவர் தம்மைத் தேடிப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது என்று யோசியுங்கள்.