காருக்குள் ஒரு கூரை வீடு

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஒரு பழைய அம்பாசிடர் காரில் நீங்கள் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். சித்திரை மாத வெயில். கோமுகி அணைப் பக்கம் வரை தொல்லை ஒன்றும் இல்லை. அதன்பின் கல்வராயன் மலையின் ஏற்றம் தொடங்குகிறது. ஓட்டுநர் கியரைக் குறைக்கிறார். சற்று நேரத்தில் முன்னிருக்கையில் இருப்பவர் காலை உள்ளே இழுத்துக்கொள்கிறார். தரைத் தகடு சுடுகிறது! பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்கவில்லை.

"வண்டிக்கு வயதாகிவிட்டது" என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் நைந்துபோனது என்ன தெரியுமா? கால்மிதிக்கு அடியிலும், இயந்திரத்தையும் பயணிகளையும் பிரிக்கும் தகட்டுச் சுவரின் மீதும், யார் கண்ணிலும் படாமல் ஒட்டிக்கிடந்த ஒரு மெத்தைதான். அதன் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போமா?

காற்று என்னும் காவலன்

கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் புல் வேய்ந்த கூரைகளின் கீழ் வாழ்ந்தவர்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் கூரையின் கீழ் குளுமை இருக்கும். புல்லுக்கு அப்படி என்ன ஆற்றல்? புல்லைவிட, புல்லின் இடுக்குகளில் சிக்கி அசையாமல் நிற்கும் காற்றே வெப்பத்தைத் தடுக்கிறது. அசையாக் காற்று வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும். கம்பளி, இலவம் பஞ்சு, தேங்காய் நார், சணல் ஆகியவை எல்லாம் காற்றைச் சிறைப்பிடிக்கும் வலைகளே. சணலையும் பஞ்சையும் அழுத்திச் செய்த ஃபெல்ட்டைவிட எஃகு ஆயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துகிறது.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரம்ஃபோர்டு என்ற அறிவியலறிஞர் கம்பளி, பட்டு, பஞ்சு, விலங்கின் மென்மயிர் போன்றவற்றை வெப்பமானிகளைச் சுற்றி அடைத்து ஆராய்ந்தார். அவற்றுள் அடைபட்ட காற்றின் பங்கை அவர் எடுத்துக்காட்டினார்.

இதே உண்மையை வணிகத்துக்குப் பயன்படுத்தியவர் அமெரிக்கரான பிரெடரிக் டியூடர். 1833-ஆம் ஆண்டு பாஸ்டனிலிருந்து 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்ட அவருடைய கப்பல், நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பின் ஏறத்தாழ 100 டன்னுடன் கல்கத்தாவை அடைந்தது! மரத்தூள் போன்ற எளிய பொருள்களே அக்காலப் பனிக்கட்டிக்குக் காவல். சென்னைக் கடற்கரையில் 1842-இல் எழுந்த ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில், அவ்வணிகத்தின் நினைவாக நிற்கிறது.

தகரப் பெட்டி பிறந்தது

முதன்முதலில் ஓடிய கார்கள் பெரும்பாலும் திறந்த வண்டிகள். காற்றும் மழையும் தாராளமாக உள்ளே வரும். இயந்திர வெப்பமும் தாராளமாக வெளியே போகும். அமெரிக்காவில் 1919-இல் விற்ற கார்களில் பத்தில் ஒன்றே மூடிய கார். 1927-க்குள் அது நூற்றுக்கு 85 ஆகிவிட்டது. மழைக்கும் தூசிக்கும் விடிவு பிறந்தது. ஆனால் புதிய தொல்லை ஒன்றும் கூடவே வந்தது. மூடிய எஃகுப் பெட்டி, வெயிலில் அடுப்பு, சாலையில் மத்தளம்!

அதிர்வை அடக்கத் தகட்டின் மேல் தார்ப் பட்டை ஒட்டினார்கள். வெப்பத்தையும் ஓசையையும் குறைக்க அதன்மேல் ஃபெல்ட் விரித்தார்கள். இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பதைக் கவனியுங்கள். ஒலிக்கும் வெண்கலத் தட்டைக் கையால் பிடித்தால் ஓசை நின்றுவிடும்; தார்ப் பட்டை செய்வது அதைத்தான். ஃபெல்ட்டோ காற்றில் வரும் ஒலியைத் தன் இழைகளுக்குள் தேய்த்து விழுங்குகிறது.

நம் நாட்டுக் கதை

விடுதலைக்குப் பின், 1953-இல், காரை இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் உள்ள நிறுவனங்களே நீடிக்கலாம் என்று அரசு முடிவு செய்தது. உதிரிகளைக் கொண்டுவந்து பூட்டி விற்ற அயல்நாட்டு நிறுவனங்கள் வெளியேறின. வங்காளத்தின் உத்தர்பாரா ஆலையில் 1950-களின் இறுதியில், ஆங்கிலேய மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வடிவில் அம்பாசிடர் பிறந்தது. பம்பாயில் ஃபியட்டும் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் உருவாயின. புதுக்காருக்குப் பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. ஆகவே கையிலிருந்த காரைப் பத்து, இருபது ஆண்டுகள் ஓட்டியாக வேண்டும். உள்ளே நைந்த மெத்தைக்கு மாற்று கிடைக்காதபோது, சாக்கும் நாரும் வெட்டுத் தோலும் அந்த இடத்தைப் பிடித்தன. குஷன் கடைக்காரரின் கத்தரிக்கோலே தொழிற்சாலையாயிற்று. 2014-இல் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. இன்றும் அக்காரைப் பேணுவோர் இதே வழியைத்தான் நாடுகிறார்கள்.

எப்படிச் செய்வது?

முதலில் பழைய மெத்தையைக் கிழியாமல் எடுத்து, அட்டையின்மேல் வைத்துக் கோடிட்டு அச்சு வெட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் மிகப் பழைய வண்டியில் சாம்பல் நிற நாரட்டை இருந்தால் தொடாதீர்கள். அது கல்நாராக இருக்கலாம்; அதன் தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும்.

அடுத்து, தகட்டின் துருவைச் சுரண்டித் துருத்தடுப்பு வண்ணம் பூசி நன்றாக உலரவிட வேண்டும். அதன்மேல் தார்ப் பட்டை, அதற்குமேல் ஃபெல்ட், எல்லாவற்றுக்கும் மேல் ரப்பர் விரிப்பு. மிதிகளைச் சுற்றித் தாராளமாக இடம் விடுங்கள். நழுவி வந்த விரிப்பு ஒன்று ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டால் மலைச்சாலையில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுமா?

ஃபெல்ட் நனையக்கூடாது. நீர், அசையாக் காற்றைவிட ஏறத்தாழ 23 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். எனவே நனைந்த மெத்தை வெப்பத்தைத் தடுக்காது. அடியில் தகட்டையும் அரித்துவிடும். தெர்மோகோல் மலிவு என்று அதை வைக்காதீர்கள். ஏறத்தாழ 100 பாகை செல்சியஸில் இளகும், பெட்ரோல் பட்டால் கரையும், எளிதில் எரியும். சாக்கும் தேங்காய் நாரும்கூட எரிபவையே. புகைக்குழாய் செல்லும் பக்கம் அவற்றை வைக்கவே கூடாது.

மறைந்திருக்கும் எமன்

இதுவரை சொன்னது வசதிக்காக. இனிச் சொல்வது உயிருக்காக. தகட்டுச் சுவரில் மின்கம்பிகளும் இழுகம்பிகளும் நுழையும் துளைகள் உண்டு. ஒவ்வொன்றையும் ஒரு ரப்பர் வளையம் அடைத்திருக்கும். அது வெடித்து உதிர்ந்தாலோ, துருப்பிடித்த தரையில் ஓட்டை விழுந்தாலோ, இயந்திரப் புகை உள்ளே புகும். அப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் பிடித்துக்கொள்கிறது. குளிருக்காகக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இரவில் மலையேறும்போது தலைவலியும் மயக்கமும் வந்தால், "வளைவுப் பாதையின் கிறுகிறுப்பு" என்று விட்டுவிடாதீர்கள். உடனே வண்டியை நிறுத்தி இறங்குங்கள்.

ஓட்டையின்மேல் சாக்கைப் போட்டு மூடுவது பழுதுபார்ப்பு ஆகாது. அது பழுதை மறைப்பது. டிங்கர் வேலைக்காரரிடம் தகட்டை ஒட்டவைத்து, துளைகளுக்குப் புது ரப்பர் வளையம் போட்ட பிறகே மெத்தையைப் பற்றி நினைக்க வேண்டும்.

அடுத்த முறை ஒரு பழைய காரில் ஏறும்போது, கால்மிதி விரிப்பைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள். கூரை வீட்டின் புல்லும், ஐஸ் ஹவுஸின் மரத்தூளும் செய்த அதே வேலையைச் செய்யும் ஒரு துண்டுச் சணல் அங்கே கிடக்கக்கூடும். அதற்கு அடியில் தகடு முழுமையாக இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்!