விவிலிய உலகநோக்கும் பள்ளிக் கல்வியும்: தருமபுரியை முன்வைத்து

1. வரையறை

ஒருவர் தம்மையும் உலகையும் எந்தப் பெருங்கதையின் உறுப்பாகக் கண்டு வாழ்கிறாரோ, அந்தக் காணும் முறையை உலகநோக்கு என்கிறோம். படைப்பு, வீழ்ச்சி, மீட்பு, நிறைவு என்னும் தொடராக உலகைக் காண்பது விவிலிய உலகநோக்கு. இச்சொல்லாட்சியைச் சீர்திருத்த சபையாரிடையே நிலைநாட்டியவர்கள் ஜேம்ஸ் ஓரும் (1893), பிரின்ஸ்டனில் உரையாற்றிய ஆபிரகாம் கைப்பரும் (1898). கத்தோலிக்கருக்கு இதற்கு நிகரான நெறி, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி அறிக்கை. பிற சமயங்களை மதிக்கக் கற்பிக்கும் அறிக்கையும் அதே நாளில் வெளிவந்தது. இவ்விரண்டையும் பிரித்துப் படிக்கலாகாது என்பது எம் துணிபு.

2. பாட வகைகள்

சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்ததும் 1965 அக்டோபரில்தான். தருமபுரி மறைமாவட்டம் 1997இல் உருவாயிற்று. கிறிஸ்தவர் சிறுபான்மையாயுள்ள இத்தகைய பகுதிகளின் கிறிஸ்தவப் பள்ளிகளில் பிற சமயப் பிள்ளைகளும் பெருமளவில் பயில்கின்றனர். ஆகவே வகை பிரித்தறிதல் இன்றியமையாதது.

நம்பிக்கையின் உள்ளடக்கத்தைக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது மறைக்கல்வி. எல்லாருக்கும் பொதுவான ஒழுக்கத்தைப் பயிற்றுவது நன்னெறிக் கல்வி. எல்லாப் பாடங்களையும் ஒரே பார்வையில் இயைப்பது உலகநோக்குக் கல்வி. முதலிரண்டுக்கும் பாடவேளை உண்டு, மூன்றாவதற்கு இல்லை. அதனாலேயே அது மறைக்கல்வித் தேர்வின் மனப்பாடத்துக்குள் அடங்கி மறைந்துபோகிறது.

சட்டத்தின் எல்லையும் தெளிவானது. அரசு ஏற்பு பெற்ற அல்லது அரசு நிதியுதவி பெறும் பள்ளியில், மாணவரின் இசைவின்றி, அவர் சிறாராயின் காப்பாளரின் இசைவின்றி, சமய போதனையில் பங்கேற்கச் செய்யலாகாது என்கிறது அரசமைப்பின் 28(3)ஆம் உறுப்பு. மீட்பின் கதையை ஏற்கத்தக்க உண்மையாகப் போதிப்பதற்கு இசைவு வேண்டும். அக்கதை எழுப்பும் கேள்விகளையோ எல்லாப் பிள்ளைகளிடமும் வைக்கலாம். விடையை அவரவர் மனச்சான்றுக்கு விட்டுவிட வேண்டும்.

3. படிநிலைகள்

கேட்டல், வினவல், இயைத்தல் என மூன்று நிலைகளைக் கொள்கிறோம். தொடக்கப் பள்ளியில் கதை கேட்டலே போதும். நடுநிலை வகுப்பில் பிள்ளை ‘ஏன்’ என்று கேட்கத் தொடங்கும். அக்கேள்வியை அடக்குவது இக்கல்வியையே அடக்குவதாகும். ஒன்பதாம் வகுப்புக்குமேல் வருவது இயைத்தல். கடினமானது இதுவே.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். இம்மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரை நெடுநாள் குடித்தால் பல்லில் கறை படியும். அளவு மிகவும் கூடினால் எலும்பும் கெடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தீட்டப்பட்டது இதற்காகவே. இது அறிவியல் பாடம். தீண்டாமையை ஒழித்த 17ஆம் உறுப்பு சமூக அறிவியல் பாடம். யோவான் நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தில், யூதர் ஒதுக்கிவைத்த சமாரியர் இனத்துப் பெண்ணிடம் இயேசு கிணற்றடியில் தண்ணீர் கேட்கிறார். இது மறைக்கல்விப் பாடம். மூன்று ஆசிரியர்கள், மூன்று குறிப்பேடுகள். ‘எங்கள் ஊரில் யார் எந்தக் குழாயில் பிடிக்கிறார்கள், கெட்ட நீர் யார் வீட்டுக்குப் போகிறது?’ என்று ஒரு பிள்ளை கேட்கும்போது மூன்றும் ஒன்றாகின்றன. தண்ணீர் கொடை, அதைப் பங்கிடுவதில் அநீதி, அதைச் சீராக்கும் கடமை: படைப்பு, வீழ்ச்சி, மீட்பு என்னும் சொற்களுக்கு அப்போதுதான் பொருள் கிடைக்கிறது.

பெண் சிசுக்கொலையைத் தடுக்க, பெற்றோர் கைவிடும் குழந்தைகளை அரசே ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னாளில் விரிவாக்கப்பட்ட மாவட்டங்களுள் தருமபுரியும் ஒன்று. அங்கு, நாணல் பேழையில் வைக்கப்பட்ட மோசேயின் கதையையும் இவ்வாறே கற்பிக்கலாம்.

4. தடையின் காரணம்

இத்தகைய இயைத்தல் பள்ளிகளில் தடைபடுவதற்கு முதற்காரணம் பாடநூல் அன்று, பள்ளியின் நடப்பே. மனிதர் யாவரும் கடவுளின் சாயல் என்று கற்பிக்கும் வகுப்பில் சாதி பார்த்து நட்பு அமைந்தால், பிள்ளை நம்புவது நடப்பைத்தான். தலித் மக்கள் வாழும் நத்தம் காலனியின் வீடுகள் 2012 நவம்பரில் சாதி வன்முறையில் எரிக்கப்பட்டது இம்மாவட்டத்தில்தான். திருச்சபையும் விலக்கன்று, தன்னுள் தீண்டாமை இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதலை மேல்நிலை வகுப்புகளில் மறைக்காமல் கற்பிக்க வேண்டும்.

எனவே இப்பள்ளிகளின் தலைமையாசிரியர்களிடம் எம் வேண்டுகோள் ஒன்றே: கல்வியாண்டு தொடங்குமுன் மறைக்கல்வி, அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்கள் மூவரையும் ஒரு நாள் ஒன்றாக அமர்த்தி, தண்ணீர் பற்றிய அந்த ஒரு பாடத்தையாவது சேர்ந்து வகுக்கச் செய்யுங்கள்.