பலபடிப் படல மின்முனைகளால் நைட்ரைட்டு அறிதல்

நீரிலும் உணவிலும் கலந்துள்ள நைட்ரைட்டு அயனி மின்முனையில் எலக்ட்ரான்களை இழந்து நைட்ரேட்டாக மாறுகையில் எழும் மின்னோட்டம் அதன் செறிவுக்கு ஏற்பக் கூடுவதால், அதைக் கொண்டு நைட்ரைட்டை அளக்கலாம். இதற்கென மெல்லிய பலபடிப் படலம், அதாவது பாலிமர்ப் பூச்சு, ஏற்றப்பட்ட மின்முனைகளே பலபடிப் படல மின்முனைகள் எனப்படும்.

நைட்ரைட்டு குருதிச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினின் இரும்பை ஆக்சிசனேற்றி, உயிர்வளியைச் சுமக்க இயலாத மெத்தீமோகுளோபினாக்கிவிடுவதால், கைக்குழந்தைகளுக்கு அது பெருங்கேடு. குடிநீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ 65 மைக்ரோமோல், என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டு மதிப்பு. 1879-இல் நைட்ரைட்டை அறியப் பீட்டர் கிரீஸ் வெளியிட்ட நிறவினை இன்றும் நம்பகமானதே. எனினும் கலங்கலோ நிறமோ உடைய மாதிரிகளில் அது இடர்ப்படுகிறது.

பூச்சற்ற கண்ணாடிக் கரிம மின்முனையில் நைட்ரைட்டு வினைபுரிய, வெள்ளி–வெள்ளிக்குளோரைடு ஒப்பீட்டு மின்முனையைச் சார்ந்து, 0.8 முதல் 1 வோல்ட் வரை தேவைப்படுவதால், அதற்கும் குறைந்த மின்னழுத்தத்திலேயே வினைபுரியும் அஸ்கார்பிக் அமிலமும் யூரிக் அமிலமும் அளவீட்டைக் குழப்புகின்றன. நேர்மின்னூட்டம் கொண்ட படலமோ எதிரயனியான நைட்ரைட்டைத் தன்னுள் ஈர்த்துச் செறிவூட்டுகிறது. அனிலீனை அமிலக் கரைசலில் மின்னோட்டத்தால் பலபடியாக்கிப் பெறும் பாலிஅனிலீன் இவ்வகையில் நன்கு அறியப்பட்டது. ஆனால் காரகாடித்தன்மை எண் ஏறத்தாழ 4-ஐத் தாண்டினால் அதன் கடத்துதிறன் குன்றுகிறது. 3-ஐ ஒட்டிய அமிலநிலையிலோ நைட்ரைட்டு நைட்ரசு அமிலமாகிச் சிதையத் தொடங்குகிறது. பாலிஅனிலீனுக்கு உகந்த சூழல் அளக்கப்படும் பொருளுக்கு ஒவ்வாதது என்னும் இம்முரணே இத்துறையின் உண்மையான சிக்கல் எனலாம்.

நடுநிலைக் கரைசலிலும் கடத்தும் பெடாட் என்னும் தயோபீன் வகைப் பலபடி இதற்கு ஒரு வழி காட்டுகிறது. அங்கும் படலத்தின் நேர்மின்னூட்டத்தை ஈடுசெய்யும் துணை அயனியின் தேர்வு முதன்மையானது: குளோரைடு போன்ற சிற்றயனி நைட்ரைட்டுக்கு இடம்விட்டு வெளியேறும்; படலத்தில் சிக்கி நிற்கும் பாலிஸ்டைரீன்சல்போனேட்டோ தன் எதிர்மின்னூட்டத்தால் நைட்ரைட்டை விலக்கும். மேலும், நடுநிலையில் அஸ்கார்பிக் அமிலமும் எதிரயனியே ஆதலால் ஈர்ப்பு மட்டும் இரண்டையும் பிரித்துவிடாது. ஆகவே படலத்தினுள் பொன் நுண்துகள்களையோ உலோகத் தாலோசயனின்களையோ வினையூக்கியாகப் பதித்து, நைட்ரைட்டு, அஸ்கார்பிக் அமிலம் ஆகியவற்றின் மின்னோட்ட முகடுகள் தனித்தனியே தோன்றுமாறு செய்கின்றனர்.